பிப்ரவரியில் வந்துவிடுமாம்

‘கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கருவி வந்திருக்கிறது சார், கடை விலையில் பாதிதான், கட்டிவிடலாமா?’ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கடை விலையில் பாதி? அந்தப் பொருள் இன்னும் எந்தக் கடைக்கும் வரவில்லை. கிடங்கிலும் இல்லை. பெரும்பாலும் ஒரு மேசைமேல் கம்பிகள் பிதுங்கிக்கொண்டு ஒன்றோ இரண்டோ மாதிரிகள் இருக்கும். வீடியோவில் அவற்றுக்கு நல்ல வெளிச்சம் போட்டிருப்பார்கள். டீயைச் சொல்லிவிட்டு நிதானமாகப் பேசுவோம். அவசரமெல்லாம் அந்தப் பக்கத்தில் ‘இன்னும் இத்தனை மணி நேரம்’ என்று ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்குத்தான்.

ஏற்பாட்டை முதலில் புரிந்துகொள்ளலாம். பொருள் செய்ய மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர் 2009-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே இண்டிகோகோ என்ற இதே வகைத் தளம் வந்துவிட்டது. கருவி செய்ய நினைப்பவர் ஓர் இலக்குத் தொகையும் ஒரு கெடுவும் வைப்பார். கெடுவுக்குள் இலக்கை எட்டினால்தான் கிக்ஸ்டார்ட்டரில் உங்கள் கார்டிலிருந்து பணம் போகும். எட்டாவிட்டால் ஒரு காசும் போகாது. எட்டிவிட்டால் தளம் தன் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி, மிச்சம் முழுவதும் ஒரே தவணையில் கருவி செய்பவர் கைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு பொருள் வந்ததா, வரவில்லையா என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். அந்த ஒப்பந்தத்தில் தான் ஒரு தரப்பே இல்லை என்று கிக்ஸ்டார்ட்டர் தன் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கிறது. நம் ஊர்ச் சீட்டுக்குக்கூட 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது, ஏமாந்தால் போய் உட்கார ஓர் அலுவலக வாசல் இருக்கிறது. இங்கே உங்களுக்கு இருப்பது கருத்துப் பெட்டி.

பங்கும் கிடையாது. 2012-இல் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர்க் கண்ணாடிக்கு மக்கள் 24 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2014 மார்ச்சில் அந்த நிறுவனத்தை ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. பணம் கட்டியவர்களுக்கு அதில் ஒரு டாலர்கூட வரவில்லை. வரவேண்டிய கண்ணாடி கொஞ்சம் தாமதமானாலும் வந்துசேர்ந்தது, ஆகவே சட்டப்படி யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தொழிலில் பணம் போட்டவனுக்குரிய ஆபத்தை ஏற்றுக்கொண்டு, கடையில் பொருள் வாங்கியவனுக்குரிய பலனை மட்டும் பெறுவது, அவ்வளவுதான் இந்த ஏற்பாடு.

இதில் நல்லபடியாக முடிந்த கதை என்று எல்லோரும் காட்டுவது பெப்பிள் கைக்கடிகாரம். 2012-இல் அவர்கள் கேட்டது 1 லட்சம் டாலர். வந்தது 1 கோடியே 2 லட்சத்துக்கும் மேல். கொடுத்தவர்கள் ஏறத்தாழ 69,000 பேர். அந்த ஆண்டு செப்டம்பரில் தருவதாகச் சொன்னது 2013 ஜனவரியில்தான் கிளம்ப ஆரம்பித்தது. நான்கு மாதத் தாமதத்தை இந்த உலகத்தில் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, அது அவர்களுக்கு முதல் கடிகாரம் இல்லை. அதற்கு முன்பே பிளாக்பெரி ஃபோனோடு சேர்ந்து வேலை செய்யும் இன்பல்ஸ் என்ற கடிகாரத்தைச் செய்து விற்றிருந்தார்கள். ஆலையில் எது எப்படிக் கெடும் என்று தெரிந்திருந்தது. இரண்டாவது, விலை. முன்கூட்டிக் கட்டியவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது 115 டாலர். 2013 ஜூலையில் அதே கடிகாரம் அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகளில் 150 டாலருக்கு அடுக்கிவைக்கப்பட்டது. தொட்டுப் பார்த்து, பில் வாங்கி, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கக்கூடிய இடத்தில். அதாவது, மிக நன்றாக நடந்த ஒரு திரட்டலில்கூட முன்னால் கட்டியவருக்கு மிச்சமானது 35 டாலர்.

எதிர்முனைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் திருடன் யாரும் இல்லை. கூலஸ்ட் கூலர் என்பது சக்கரம் வைத்த ஐஸ் பெட்டி, கடற்கரைக்கு இழுத்துப்போகலாம். மூடியில் பேட்டரியில் ஓடும் மிக்ஸி, கழற்றி எடுக்கக்கூடிய புளூடூத் ஸ்பீக்கர், ஃபோன் சார்ஜ் போட வசதி, உள்ளே விளக்கு, பாட்டில் திறப்பான் எல்லாம் உண்டு. 2013-இல் இதற்காக 1,25,000 டாலர் கேட்டார்கள், எட்டவில்லை. அடுத்த ஆண்டு கோடையில் வடிவத்தைச் சீர்படுத்தி மறுபடி வந்தார்கள். இந்த முறை இலக்கு 50,000 டாலர்தான். பொருளில் வசதி கூடியிருக்கிறது, கேட்கும் தொகை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது! இலக்கைத் தொடாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்ற விதி இருப்பதால், தொட்டுவிடக்கூடிய எண்ணைப் போடத்தான் யாருக்கும் கை போகும். திரட்டல் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் இலக்குத் தொகையைப் பொருள் செய்ய ஆகும் செலவு என்று எண்ணிவிடாதீர்கள்.

வந்தது 50,000 இல்லை. 62,642 பேர் சேர்ந்து 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். அந்த நேரத்தில் கிக்ஸ்டார்ட்டரில் அதுவரை யாரும் திரட்டாத தொகை. இப்போது ஒரு காகிதத்தில் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஏறக்குறைய 212 டாலர். தளத்தின் பங்கும் பரிமாற்றக் கட்டணமும் போனால் 195 டாலர் அளவில் நிற்கும். அதற்குள் மோட்டார், பேட்டரி, ஸ்பீக்கர், சக்கரம், பெரிய பிளாஸ்டிக் உடல், ஆட்கூலி, இவ்வளவு பெரிய பெட்டியை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லை. பெட்டி ஒன்றுக்குச் சில டாலர் துண்டு விழுந்தால்கூட, நூறு பெட்டி என்றால் கைக்காசைப் போட்டுச் சமாளிக்கலாம்; 62,000 பெட்டிக்கு அது லட்சக்கணக்கான டாலர் ஓட்டை. கூட்டம் கூடக் கூட நஷ்டம் பெருகும் வியாபாரம் அது.

2015 பிப்ரவரியில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரி போயிற்று. மிக்ஸி மோட்டார் செய்யும் ஆலையில் வேலைநிறுத்தம் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கூலர் அமேசானில் விற்பனைக்கு வந்துவிட்டது, முன்னால் கட்டியவர்கள் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விலையில். கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு வழியும் இல்லை: புதிதாக வாங்குபவரின் காசில்தான் பழையவருக்குப் பெட்டி செய்ய முடியும். 2016-இல், சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னொரு 97 டாலர் கட்டுங்கள் என்று கேட்டார்கள். ஓரிகன் மாநில நீதித்துறை தலையிட்டு 2017-இல் ஒரு சமரச ஒப்பந்தம் போட்டது. 2019 டிசம்பரில் இறக்குமதி வரியைக் காரணம் காட்டிக் கடையை மூடினார்கள். அன்றைக்கும் சுமார் 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை.

மேசைமேல் இருக்கும் ஒரு மாதிரியிலிருந்து ஆயிரக்கணக்கில் செய்வதற்குள் என்னதான் நடக்கிறது என்று அறிய அமெரிக்கா போக வேண்டியதில்லை. அம்பத்தூரிலோ கோவையிலோ பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் அரை மணி நேரம் பேசினால் போதும். கையால் செய்த மாதிரிக்கு மோல்டு வேண்டாம். ஆயிரக்கணக்கில் செய்ய எஃகு மோல்டு வேண்டும். அதை வெட்டி முடிக்கவே வாரக் கணக்காகும், விலை லட்சங்களில். முதல் ஷாட் எடுத்துப் பார்த்தால் ஒரு மூலையில் பள்ளம் விழுந்திருக்கும், மூடி அரை மில்லிமீட்டர் இடிக்கும். மோல்டிலிருந்து இரும்பைச் செதுக்கி எடுப்பது சுலபம். சேர்க்க வேண்டுமென்றால் வெல்டிங் வைத்து மறுபடி கடைந்து தீட்ட வேண்டும். மூன்று வாரம் போயிற்று. லித்தியம் பேட்டரி என்றால் விமானத்தில் ஏற்ற ஐ.நா. விதிப்படி வெப்பம், அதிர்வு, ஷார்ட் சர்க்யூட் என்று தனிச் சோதனைகள். வயர்லெஸ் இருந்தால் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு சான்றிதழ். இதற்கு நடுவே, பணம் அதிகம் சேர்ந்த உற்சாகத்தில் ‘கூடுதலாக இரண்டு நிறம், ஒரு ஸ்பீக்கர்’ என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள். நிறம்தானே என்று நமக்குத் தோன்றும். பட்டறைக்காரர் முகத்தைப் பாருங்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் இதை எண்ணிக்கையாகவே பார்த்திருக்கிறார். 2014-இல் வெளியான அவருடைய ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரின் வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களில் நான்கில் மூன்றுக்கு மேல் சொன்ன தேதியைத் தவறவிட்டிருந்தன. எவ்வளவு பணம் சேர்கிறது என்பதும் எவ்வளவு தாமதமாகும் என்பதும் தொடர்புடையவையாக இருந்தன. அடுத்த ஆண்டு பணம் கட்டியவர்களிடமே கேட்டு அவர் கண்டது: பணம் திரண்ட திட்டங்களில் 9 சதவீதம், வாக்களித்த பொருளைத் தரவில்லை. இந்த 9-ஐப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அதில் புத்தகம், இசைத்தட்டு, குறும்படம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. புத்தகத்துக்குப் பேட்டரிச் சோதனை கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் நல்ல எண்ணத்தோடு இறங்கி இடறியவர்களைப் பற்றி. நடக்கவே நடக்காத கருவிகளும் உண்டு. 2016-இல் இண்டிகோகோவில் டிரைட்டன் என்றொரு ‘செயற்கைச் செவுள்’ வந்தது. வாயில் கவ்விக்கொண்டால் கடல்நீரிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்து 45 நிமிடம் சுவாசிக்கலாம் என்றார்கள். ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சில மில்லிகிராம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கே நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். அந்தக் கையளவுக் குழல் நிமிடத்துக்குப் பல வாளி நீரை உறிஞ்சித் தள்ள வேண்டியிருக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனாலும் 8 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. விஞ்ஞானிகள் சத்தம் போட்ட பிறகு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே திரவ ஆக்சிஜன் குப்பி இருக்கிறது என்று கதையை மாற்றிக்கொண்டு மறுபடி திரட்டத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்கார்ப் என்ற லேசர் சவரக் கத்தி, 40 லட்சம் டாலர் சேர்ந்த நிலையில், ஒழுங்காக வேலை செய்யும் மாதிரி இல்லை என்று கிக்ஸ்டார்ட்டரால் நிறுத்தப்பட்டது. உடனே இண்டிகோகோவுக்குப் போய் வசூலைத் தொடர்ந்தது. ஒரு தளம் தள்ளிய திட்டம் இன்னொன்றில் தலைதூக்கினால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

‘அப்படியானால் கட்டவே கூடாதா?’ என்று கேட்பீர்கள். ஃபோன், கடிகாரம், ஹெட்ஃபோன், பேட்டரி பேங்க் போன்றவற்றுக்கு என் பதில், வேண்டாம். நல்லதாக இருந்தால் அடுத்த ஆண்டு கடைக்கு வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் தப்பித்தீர்கள். நான் சம்மதம் சொல்வது வேறு வகைக்கு: சில நூறு பேருக்கு மட்டுமே தேவைப்படுகிற, எந்தப் பெரிய கம்பெனியும் சீண்டாத பொருள். ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்பவருக்கான விசைப்பலகை, வானொலி ஆர்வலர்களுக்கான சர்க்யூட் போர்டு, இப்படி. அங்கே உங்கள் பணம் இல்லாவிட்டால் அந்தப் பொருள் பிறக்காது. அப்போதும் பார்க்க வேண்டியது வீடியோவை அல்ல. அவர் இதற்கு முன் எதையாவது செய்து அனுப்பியிருக்கிறாரா? வெட்டு இல்லாத ஒரே காட்சியில் கருவி வேலை செய்வதைக் காட்டுகிறாரா? விலை அடக்கத்துக்கு மேலே நிற்கிறதா? ஆயிரம் பேருக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு வைத்திருந்தால், எனக்கு அவர்மேல் மரியாதை கூடும்.

இந்தியாவிலிருந்து கட்டுபவர்களுக்கு இன்னும் சில தொல்லைகள். டாலர் விலையோடு கதை முடியாது: கார்டு கட்டணம், அனுப்பும் செலவு, இங்கே வந்ததும் சுங்க வரி, கூரியர்காரர் கேட்கும் அடையாள ஆவணங்கள். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவில் புதிதே வாங்கலாம். சில கருவிகள் வரவே முடியாது. வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியை 2022 பிப்ரவரியில் மத்திய அரசு, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகள் தவிர, தடைசெய்துவிட்டது. அதற்கு முன் கட்டி, அதற்குப் பின் பொருள் தயாராகியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், கெடு முடியும்வரை கிக்ஸ்டார்ட்டரில் விலகிக்கொள்ளலாம். கடைசி 24 மணி நேரத்தில் மட்டும், உங்கள் விலகலால் தொகை இலக்குக்குக் கீழே போவதாக இருந்தால் விட மாட்டார்கள். கெடு முடிந்து பணம் போய்விட்டால், அவர்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள். பொருள் வராவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் மறுப்புத் தெரிவிக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டு. ‘அடுத்த மாதம் நிச்சயம்’ என்ற கடிதங்களை நம்பிக் காத்திருப்பதற்குள் அது ஓடிவிடும். அது எத்தனை நாள் என்று வங்கியில் இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.