திறப்புத் தொலைந்த சில்லு

வீட்டுக்குப் பூட்டு உண்டு. பெட்டகத்துக்குப் பூட்டு உண்டு. துவிச்சக்கர வண்டிக்கும் பூட்டு உண்டு. மோட்டார்க் காரின் சில்லுக்கும் ஒரு பூட்டு உண்டு என்பதைக் கார் வைத்திருப்போருள்ளேயே பலர் அறியார். நானும் அறியாதவனாகவே இருந்தேன். ஆனையிறவு வெளியில் ஒரு காலைப்பொழுதில் அதனை அறிந்துகொள்ள நேர்ந்தது.

அன்று என் தமக்கையாரைக் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கண் வைத்தியத்தின் பொருட்டு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். மூன்று மாதங்களுக்கு முன்னரே குறித்துக் கொடுக்கப்பட்ட தவணை அது. காலை ஒன்பது மணிக்குள் அங்கே நிற்க வேண்டும். பரந்தனைத் தாண்டி ஆனையிறவை அணுகும்போது முன்பக்கத்து இடச் சில்லு காற்றிழந்தது. நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத இடம். ஆயினும் நான் கலங்கவில்லை. டிக்கியில் மேலதிகச் சில்லு இருந்தது, ஜக் இருந்தது, வீல் பிரேஸும் இருந்தது. சில்லைப் பிடித்திருந்த நான்கு நட்டுகளில் மூன்று முறைப்படி இளகின. நான்காவதன்மீது வீல் பிரேஸ் பொருந்தவேயில்லை. குனிந்து பார்த்தேன். மற்றவை அறுகோண வடிவின; இதுவோ வழவழப்பான வட்டம். அதன் முகத்தில் பூவிதழ் போல வளைந்து வளைந்து செல்லும் ஒரு சிறு பள்ளம் மட்டும் காணப்பட்டது.

"சில்லும் இருக்கு, ஜக்கும் இருக்கு. பிறகேன் தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்று அக்கா கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை. வந்த பஸ்ஸை மறித்து, அவரைத் தனியே ஏற்றிவிட்டேன். ஒரு கண்ணில் மருந்துக் கட்டுடன், கோவையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் படியேறியது இன்னும் என் மனத்தை உறுத்துகின்றது.

அந்த நட்டைத்தான் நம் கராஜ்களில் 'லொக் நட்டு' என்கிறார்கள். பாடநூல்கள் நட்டைச் சுரை என்று கூறும். நானும் தமிழ்ச் சொல்லில் விருப்பமுடையவனே. ஆனால் கராஜிற் சென்று 'சுரையின் திறப்பு உண்டோ?' என்று வினவினால் வேலை நடவாது. ஆகவே இப்பேச்சில் அதனைப் பூட்டு நட்டு என்று வழங்குகிறேன்.

அலோய் எனப்படும் கலப்பு உலோகச் சில்லுகள் விலை மிக்கவை. இரவில் நிறுத்தி வைத்த காரிலிருந்து அவற்றைக் கழற்றிச் செல்லும் கள்வரை மறிக்கவே இப்பூட்டு நட்டு அமைக்கப்பட்டது. ஒரு சில்லுக்கு ஒன்றாக, ஒரு காருக்கு நான்கு இருக்கும். அதற்குரிய திறப்பு, விரலளவு நீளமான ஓர் உருக்குத் துண்டு. அதன் ஒரு முனையில் நட்டின் முகத்திலுள்ள பள்ளத்துக்கு இணையான மேடு இருக்கும். மறுமுனை 19 அல்லது 21 மில்லிமீற்றர் அறுகோணம். மேட்டைப் பள்ளத்தில் அமர்த்தி, மறுமுனையில் வழமையான வீல் பிரேஸைப் பொருத்தித் திருக வேண்டும். பள்ளத்தின் கோலம் பல வகைப்படும். ஆகையால் ஒருவர் காரின் திறப்பு மற்றவர் காருக்குப் பொருந்துவது அரிது.

இச்சிறு உருக்குத் துண்டு தொலைவதற்கு நம் நாட்டில் வாய்ப்பு மிகுதி. இங்கு ஓடும் கார்களுட் பல யப்பானில் ஒருவர் ஓட்டி, பின்னர் கப்பலேறி வந்தவை. வந்தபின்னும் கைமாறிக்கொண்டே இருப்பவை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உள்ள கார்களே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயின. காரை விற்பவர் புத்தகத்தையும் எஞ்சின் திறப்பையும் மறவாது கொடுப்பார்; சில்லின் திறப்பை நினைப்பாரில்லை. என் கார் என்னிடம் வந்து அப்பொழுது எட்டு மாதங்களே ஆகியிருந்தன. நான் அதன் மூன்றாவது உரிமையாளன்.

திறப்பு இல்லை என்று கண்டதும் சுத்தியலைத் தேடுவது பெரும் பிழை. முதலில் திறப்பைத் தேட வேண்டும். முன்னாசனத்துக்கு எதிரேயுள்ள சிறு பெட்டி, ஆசனங்களின் கீழ், கைதாங்கியின் உட்பக்கம், டிக்கியில் மேலதிகச் சில்லு கிடக்கும் குழி, அச்சில்லின் நடுத்துளை, ஜக் செருகப்பட்டிருக்கும் பக்கச் சுவரின் உட்புறம் ஆகியன அது ஒளிந்திருக்கும் இடங்கள். சிறு துணிப்பையிலோ பிளாஸ்ரிக் உறையிலோ இருக்கலாம். அங்கெல்லாம் இல்லையாயின், கடைசியாக ரயர் மாற்றிய இடத்தில் விசாரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் திறப்பைத் தங்கள் ஆயுதப் பெட்டிக்குள் போட்டுவிடுவது அங்கெல்லாம் மிகச் சாதாரணம். எனக்குக் காரை விற்றவரும் அவ்வாறுதான் ஓரிடத்தைக் காட்டினார். சென்று கேட்டேன். வாளி நிறைய இரும்புத் துண்டுகளை என்முன் கொட்டி, "பாருங்கோ சேர்" என்றார்கள். அரைமணி நேரம் பார்த்தேன். வேறு பலருடைய திறப்புகள் ஆறு கிடைத்தன, என்னுடையது அகப்படவில்லை.

அடுத்த வழி குறியீடு. பூட்டு நட்டுகள் புதிதாக வரும்போது அவற்றுடன் ஒரு சிறு அட்டை வரும். அதில் உள்ள எண்ணை உற்பத்தியாளருக்கோ முகவருக்கோ அறிவித்தால் அதே கோலமுள்ள திறப்பை வரவழைக்கலாம். ஐரோப்பியக் கார்களின் முகவர் சிலர் தம் நிறுவனத்தின் திறப்புகள் முழுவதையும் ஒரு பெட்டியில் வைத்திருப்பர். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத் திறந்தும் விடுவர். அக்கார்களிற் பலவற்றில் நட்டுக்குப் பதிலாகத் தலையுடன் கூடிய மரையாணியே சில்லைப் பிடிக்கின்றது. பூட்டும் அவ்வாணியின் தலையிலேயே இருக்கும். அட்டையும் இல்லாதவர் நட்டின் முகத்தைத் துடைத்து, நேரெதிரே நின்று ஒரு தெளிவான படம் எடுத்து அனுப்பலாம். குழந்தைகள் விளையாடும் களியை அழுத்தி அச்செடுத்தும் கொண்டு செல்லலாம். இதற்கு நாட்கள் செல்லும். ஆனால் சில்லுக்கு ஒரு கீறலும் விழாது. அவசரமில்லாதவருக்கு இதனிலும் சிறந்த வழி இல்லை என்பதே என் கருத்து.

எனக்கு அவகாசம் இல்லை. அக்காவின் அடுத்த தவணை பதினைந்து நாளில் வந்தது. ஆகவே கராஜுக்குச் சென்றேன். முதலிற் சென்ற இடத்தில் ஓர் இளைஞர் காற்றழுத்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாளியிற் கண்டது போன்ற ஏறத்தாழப் பொருந்தும் ஒரு திறப்பை வைத்து அடிக்க முற்பட்டார். நல்ல காலமாக மின்சாரம் நின்றது. இதனை விளக்குவது அவசியம். டொயோட்டா நிறுவனம் தன் சிறு கார்கள் பலவற்றின் சில்லு நட்டுக்கு 103 நியூட்டன் மீற்றர் இறுக்கத்தை விதிக்கின்றது. 40 சென்ரிமீற்றர் நீளமான பிடியின் நுனியில் ஏறத்தாழ 26 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற் போன்ற விசை அது. நடுத்தர வலிமையுள்ள ஒருவரின் கைக்கு அடங்குவதே. ஆனால் காற்றழுத்தத் துப்பாக்கியால் அளவின்றி இறுக்கி, அதன்மேல் துருவும் ஏறிவிட்டால் கதை வேறு. பூட்டு நட்டின் பள்ளமோ ஒடுங்கியது, ஆழமற்றது. துப்பாக்கியின் தட்டுகளைத் தாங்கமாட்டாமல் திறப்பின் மேடு உடையும். அல்லது பள்ளத்தின் ஓரம் நொருங்கும். நொருங்கியபின் உண்மையான திறப்பே கிடைத்தாலும் பயனில்லை. திறப்பு உள்ளவர்களும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும். பூட்டு நட்டைக் கையாலேயே கழற்றவும் பூட்டவும் வேண்டும்.

இரண்டாவதாகச் சென்ற இடத்தில் வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். "அவசரப்படாதேங்கோ சேர், இது பல்லுப் பிடுங்கிற வேலை மாதிரி" என்றார். காரை நிலத்திலேயே நிற்க விட்டார். கைத்தடையை இழுத்து, மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்தார். ஜக்கில் உயர்த்திய சில்லு சுழலும், விசை வீணாகும், கார் சரியவும் கூடும். மற்ற மூன்று நட்டுகளையும் அவர் தொடவில்லை. அவற்றை முன்னரே தளர்த்தினால் சில்லைப் பிடிக்கும் சுமை முழுவதும் பூட்டு நட்டின்மேல் விழும் என்றும், கழற்றும்போது அது முதலாவதாகவும் பூட்டும்போது கடைசியாகவும் இருக்க வேண்டும் என்றும் கூறினார். ஆனையிறவில் நான் செய்தது இதற்கு நேர்மாறு.

அவர் பயன்படுத்திய கருவி, உட்சுவரில் இடப்புறமாகச் சுருண்ட கூரிய வரிகளையுடைய ஒரு சொக்கற். நட்டின் வெளிவிட்டத்திலும் சற்றுச் சிறியதாகப் பார்த்துத் தெரிந்து, நட்டின்மேல் நேராக வைத்துச் சுத்தியலால் அறைந்து இறக்கினார். பின்னர் நீண்ட பிடியைப் பொருத்தி இடப்புறமாக மெதுவாகத் தள்ளினார். திருகத் திருக அவ்வரிகள் நட்டை மேலும் மேலும் கடிக்கும். அதுவே இக்கருவியின் சூட்சுமம். ஒரு 'டக்' என்ற ஒலியுடன் நட்டு இளகியது. சொக்கற்றுக்குள் இறுகிக்கொண்ட நட்டைப் பின்புறத் துளைவழியே ஓர் ஆணியால் தட்டி வெளியேற்றினார். இக்கருவி இல்லாதவர்கள், பழைய பன்னிரு மூலைச் சொக்கற் ஒன்றை அவ்வாறே அறைந்து இறக்குவதும் உண்டு. அந்தச் சொக்கற் அதன்பின் வேறெதற்கும் உதவாது. அதன் விலையையும் கணக்கிற் சேர்க்க வேண்டியதுதான். அறையும்போது கண்ணுக்குக் கண்ணாடி அணிவது மிக அவசியம். கடினமாக்கப்பட்ட உருக்கு வளையாது, தெறிக்கும். கண் வைத்தியத்துக்குப் போகும் வழியில் இப்பாடத்தைக் கற்ற எனக்கு அதை அழுத்திச் சொல்ல உரிமை உண்டு. சுத்தியலின் அடி குறி தப்பினால் அலோய்ச் சில்லின் ஓரம் வடுப்படும். பலமான அடிகள் நீடித்தால் சில்லின் உள்ளே உள்ள குண்டுத் தாங்கிக்கும் தீங்கு நேரலாம்.

என் காரில் மூன்று நட்டுகள் இவ்வழிக்கு இணங்கின. சில வகை நட்டுகள் இணங்கா. அவற்றின் வெளிப்புறத்தில் தானாகச் சுழலும் ஒரு வளையம் உண்டு. வெளியே எத்துணை இறுகப் பிடித்தாலும் வளையம் மட்டுமே சுழலும், நட்டு அசையாது. கள்வனின் கருவியை ஏய்க்கச் செய்த இந்த உபாயம் உடையவனையும் சமமாகவே ஏய்க்கின்றது. அவ்வளையத்தை முதலிற் பிளந்தெடுக்க வேண்டும். அதற்கும் மசியாவிடின், நட்டின் தலைமீது வேறொரு நட்டை உருக்கி ஒட்டித் திருகுவர். அல்லது கடின உலோகத் துளைகருவியால் சிறிது சிறிதாகக் குடைந்தெடுப்பர். இவ்விரண்டும் வீட்டு முற்றத்திற் செய்யத்தக்கன அல்ல. காற்று நிறைந்த ரயரின் அருகே பெரு வெப்பம் செல்லுமாயின் ரயர் வெடித்து உயிரையே மாய்க்கக்கூடும். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்றை முற்றாக வெளியேற்றாமல் எவரையும் ஒட்டுத் தீயுடன் அணுக விடாதீர்கள். என் நான்காவது நட்டு, முன்பு எவரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருந்தமையால், தாங்கியிருந்த ஆணியையும் முறித்துக்கொண்டே வந்தது. அது பேரிழப்பு அன்று. அவ்வாணியைப் பின்புறமாகத் தட்டி எடுத்துப் புதிது பொருத்தலாம். ஓர் ஆணி குறைந்த சில்லுடன் 'பிறகு பார்ப்போம்' என்று ஓடுவதுதான் ஆபத்து.

நட்டுகள் கழன்றன. இனி எதனைப் பூட்டுவது? மீண்டும் பூட்டு நட்டையே வாங்குவதா? கொழும்பில் தெருவோரம் இரவு முழுவதும் காரை விடுபவர் அவ்வாறு செய்யலாம். படலைக்குள் நிறுத்தும் என்போன்றவருக்குச் சாதாரண நட்டே போதும். ஆனால் அதிலும் கண் வேண்டும். டொயோட்டா, ஹொண்டா கார்களின் ஆணி பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் பருமனும் 1.5 மில்லிமீற்றர் புரியிடைவெளியும் கொண்டது. நிசான், சுசுக்கி ஆகியவற்றிற் பெரும்பாலும் அதே பருமனுக்கு 1.25 மில்லிமீற்றரே புரியிடைவெளி. மாறிப் பூட்டினால் ஓரிரு சுற்றுச் சென்று இறுகும், புரி அழியும். நட்டு சில்லில் அமரும் அடிப்பாகமும் மூவகைப்படும்: கூம்பு, உருண்டை, தட்டை. ஹொண்டாவின் சொந்தச் சில்லுகள் உருண்டை அடியுடைய நட்டைக் கேட்கும். கடைகளில் வேறாக வாங்கிய சில்லுகள் பெரும்பாலும் கூம்பு அடியைக் கேட்கும். பொருந்தாத அடி, கைக்கு இறுகியது போலத் தோன்றினும் ஓட்டத்தில் தளரும். பழைய நட்டு ஒன்றைக் கையோடு கொண்டு சென்று ஒப்பிட்டு வாங்குவது நன்று. குறுக்குக் குறுக்காக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

ஆனையிறவில் நின்ற என் கார் எவ்வாறு வீடு வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்த ரயர் ஒட்டும் தம்பி ஒருவர், சில்லைக் கழற்றாமலே காரியத்தை முடித்தார். நான் இளக்கியிருந்த மூன்று நட்டுகளையும் முதலில் இறுக்கினார். உள்ளே ரியூப் இல்லாத ரயர் அது. ஆணி ஏறியதும் நிலத்தைத் தொடும் பகுதியிலேயே. ஸ்ரியரிங்கை முழுவதும் ஒருபுறம் திருப்பி, ஆணியைப் பிடுங்கி, பிசின் பூசிய தடித்த இறப்பர்க் கயிற்றைத் துளையில் ஊசியால் நுழைத்து, பம்பியால் காற்றடித்தார். பக்கச் சுவரில் வெட்டு விழுந்திருந்தால் அதுவும் பலித்திராது.

அக்கா மாலையிற் பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். தவணை தப்பவில்லை, பஸ்ஸில் இடம் கொடுத்த பிள்ளையே பதிவு செய்யும் இடம்வரை கைபிடித்துச் சென்றதாம். அடுத்த தவணைக்கு நான் முன்னிரவே சில்லுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டே புறப்பட்டேன்.

கழற்றிய நான்கு நட்டுகளையும் எங்கள் பாடசாலைத் தொழினுட்பவியல் ஆசிரியரிடம் கொடுத்தேன். ஒன்றை அறுத்து உட்புறத்தைக் காட்ட அவர் எண்ணினார். மாணவன் ஒருவன் அரத்தை அதன்மேல் வைத்து இழுத்தான். அரம் வழுக்கியது. மறுபடியும் இழுத்துப் பார்த்து, "சேர், இது அரத்தைவிட வைரமாயிருக்கு" என்றான். அன்றைய பாடவேளை முழுவதும் உருக்கைக் கடினமாக்கும் முறைபற்றியே நடந்தது.