குடிச்சா சாவி கிடையாது!



நம்ம திண்டுக்கல் நாலுவழிச் சாலை மாதிரி நெடுஞ்சாலைகளின் ஓரத்திலேயே முன்பு மதுக்கடைகள் நிறைய இருந்தன. குடித்த கையோடு வண்டியை எடுப்பார்கள். இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்பு சொன்னது. (சின்ன ஊர்களுக்குப் பிறகு 220 மீட்டர் ஆனது.) 2017 ஏப்ரலில் கடைகள் ஊருக்குள் வரப் பார்த்தன. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரம் போன்ற ஊர்களில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள்.

ஏன் இவ்வளவு போராட்டம்? 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரே நொடியில் 16 மீட்டர் தாண்டிவிடும். குடித்தவர் கை பிரேக்குக்குப் போகத் தாமதமாகும். அந்த நொடியில் ரோட்டைக் கடப்பது நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும்.

எங்க அப்பா குடிப்பார். எழுத வெட்கமாத்தான் இருக்கு. இப்பல்லாம் சாயங்காலம் அவர் கிளம்பும்போது நானும் தம்பியும் வண்டிச் சாவியை அரிசிப் பானைக்குள்ள போட்டுடுவோம். திட்டிக்கிட்டே நடந்து போவார். குடியை எங்களால நிறுத்த முடியல. ஆனா ராத்திரி நடந்தாவது வீடு வந்து சேர்றார்.

உங்க வீட்டிலும் சாவியை ஒளிச்சு வைங்க!