வெற்று வளவில் மலர்ந்த விளையாட்டிடங்கள்

நகரத்துப் பிள்ளைக்கு வீடு உண்டு, பாடசாலை உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே ஓடி விளையாட இடம் உண்டா? ஊருக்கு ஒரு பெரும் பூங்கா இருக்கலாம். ஆயினும், பெற்றோர் அழைத்துச் சென்றாலன்றிச் சிறுவர் அதனைக் காண்பது அரிது. தாயின் குரல் எட்டும் தூரத்தில் அமைந்த சிறு நிலமே அவர்க்கு நாள்தோறும் பயன் தருவது. இவ்வுண்மையை உணர்ந்து செயலாற்றிய நகரம், ஒல்லாந்தரின் அம்ஸ்டர்டாம்.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அந்நகர மக்கள் உணவும் விறகுமின்றி வாடினர். நாஜிகள் நாடு கடத்திய யூதரின் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அவற்றின் மரச் சட்டங்களைக் கழற்றி எரித்தே பலர் குளிர் காய்ந்தனர். தாங்குமரம் இழந்த வீடுகள் இடிந்து வீழ்ந்தன. போர் ஓய்ந்தபோது எஞ்சியவை வெற்று வளவுகளே.

1946இல் மாநகரப் பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்த இளங் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், 1947இல் பெர்ட்டெல்மன்பிளைன் என்னுஞ் சதுக்கத்தில் தமது முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகன்ற சீமெந்து விளிம்புடைய மணற்றொட்டி, குட்டிக்கரணம் போடக் கம்பிகள், சுற்றிலும் மரங்கள், பெரியோர் அமர வாங்குகள், அவ்வளவே. யானையுருவமும் குதிரையுருவமும் அங்கில்லை. பொருள் எளிதாயின் பிள்ளையின் கற்பனை பெருகும் என்பது அவர் கருத்து. பின்னர் அவர் அமைத்த இரும்பு வளைவு இன்று மலையாகும், நாளை வீடாகும்.

இதனைக் கண்ட அயற்பகுதி மக்கள், தம் வீதிக்கும் ஒன்று வேண்டுமென மாநகர சபைக்குக் கடிதம் எழுதினர். 1954இல் டைக்ஸ்ட்ராட் என்னும் வீதியில், வீடுகளின் இடையே கிடந்த ஒடுங்கிய நிலமும் விளையாட்டிடமாயிற்று. இவ்வாறு 1978ஆம் ஆண்டளவில் எழுநூறுக்கு மேற்பட்டவை தோன்றின.

ஆனால், அவற்றுட் பல இன்றில்லை. வெற்று வளவுகளிற் பின்னர் கட்டடங்கள் எழுந்தமையே இதற்கொரு காரணம். தற்காலிகமாகக் கிடைத்த நிலம், விலை ஏறியதும் கைவிட்டுப் போதல் இயல்பன்றோ? ஆகவே, பூங்கா அமைத்தல் பாதி வேலையே. அந்நிலத்தைப் பிள்ளைகளுக்கென உறுதி செய்து வைத்தலே மறுபாதி.

பெருஞ் செல்வமோ பரந்த நிலமோ இதற்கு வேண்டுவதில்லை. ஒரு மணற்றொட்டி, சில மரங்கள், இரண்டு வாங்குகள் போதும். வேண்டுவன, ஒழுங்கையின் மூலையில் குப்பை சேரும் நிலத்தை நோக்கும் கண்ணும், அதனைக் கேட்டுக் கடிதம் எழுதும் அயலவரின் ஒற்றுமையுமே.