சீருடை இல்லாத துப்பாக்கிகள்

பாலாநகரில் நான் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சென்ற விடுமுறையில் பேரன் கேட்டான்: "தாத்தா, ரஜாக்கர், நக்சலைட் எல்லாரும் ஒரே ஆட்களா?" இங்கேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே ஆயுதம் ஏந்தியவர்களில் மூன்று வகையினரை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது.

முதல் வகை, ஆட்சிக்கு ஆதரவாக எழும் தனிப்படை. காசிம் ரஜ்வி தலைமையில் இயங்கிய ரஜாக்கர்கள் நிஜாமின் ராணுவம் அல்ல. ஒரு கட்சியின் தொண்டர்படை. கிராமங்களைச் சூறையாடினார்கள், கொலைகள் செய்தார்கள். 1948 செப்டம்பர் 13-ல் இந்திய ராணுவம் நுழைந்தது. 17-ல் நிஜாம் பணிந்தார். அதன்பின் குற்றமறியாத முஸ்லிம்கள் பலர் கொல்லப்பட்டதை சுந்தர்லால் குழு பதிவு செய்தது. அதையும் நாம் மறைக்கக் கூடாது.

இரண்டாவது வகை, ஆட்சியை எதிர்க்கும் கிளர்ச்சிப்படை. 1946-ல் கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா ஜமீன்தாரின் ஆட்களால் கொல்லப்பட்டதும் உழவர்கள் 'தளம்' என்ற சிறு குழுக்களாக ஆயுதம் எடுத்தார்கள். 1951-ல் கம்யூனிஸ்ட் கட்சி அப்போராட்டத்தைக் கைவிட்டது. 1980-ல் கொண்டபள்ளி சீதாராமய்யா தொடங்கிய மக்கள் யுத்தக் குழு, 2004-ல் வேறொரு குழுவுடன் இணைந்து மாவோயிஸ்ட் கட்சியானது.

மூன்றாவது வகை, கிளர்ச்சியை அடக்கவென்று பொதுமக்கள் கையில் ஆயுதம் கொடுத்து உருவாக்கும் படை. 2005-ல் பக்கத்துச் சத்தீஸ்கரில் எழுந்த சல்வா ஜுடும் அப்படிப்பட்டது. பழங்குடி இளைஞர்களுக்கு ஆயுதம் தந்து இப்படிப் பயன்படுத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி என் அனுபவம். எண்பதுகளின் கடைசியில் காட்டுப் பகுதி ஒன்றில் தண்டவாளப் பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. ஓர் இரவு, ரோந்து சென்ற எங்கள் தொழிலாளியை ஆயுதம் ஏந்திய சிலர் மறித்து, ஆபத்தில் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் வைக்கும் டெட்டனேட்டர்களைப் பறித்துக்கொண்டார்கள். நடந்ததை நடந்தபடியே அறிக்கையில் எழுதினேன். விதிப்படி அதுதான் சரி. ஆனால் "ஏன் கொடுத்தாய்?" என்று அவரை மூன்று நாள் விசாரணையில் வைத்தார்கள். திரும்பி வந்தவர் தெலுங்கில் சொன்னார்: "சார், ராத்திரி அவங்க கேட்டாங்க, பகல்ல இவங்க கேட்டாங்க. நான் எப்படிப் போனேன், வந்தேன்னு யாரும் கேக்கல." நானும் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

பேரனிடம் இதைத்தான் சொன்னேன்: "கொடி எந்த நிறம் என்று மட்டும் பார்க்காதே. துப்பாக்கி வைத்திருப்பவன் யாருக்குக் கணக்குச் சொல்கிறான் என்று பார். அரசாங்கத் துப்பாக்கியானாலும் கேள்வி இதுதான். கணக்குக் கேட்க ஆளில்லாவிட்டால், நடுவில் நிற்பவன் கையில் ஒரு விளக்கு மட்டும்தான் இருக்கும்."