களி திங்கப் போகலாமா?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவி)

தலைப்பைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். உங்களை நான் ஜெயிலுக்குக் கூப்பிடவில்லை. "ஒழுங்கா இல்லேன்னா களிதான் திங்கணும்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு நல்ல சாப்பாட்டின் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் களிக்கு வக்காலத்து வாங்கத்தான் இந்தக் கட்டுரை. (ஃபீஸ் வேண்டாம்!)

போன வருடம் சர்வே பிராக்டிகல். காலை பதினோரு மணி வெயில். மைதானத்தில் லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். அந்தப் பக்கம் டம்பி லெவலில் கண்ணை வைத்திருந்த தோழி, "நேராப் புடிடீ, ஆடுது" என்று கத்துகிறாள். ஸ்டாஃப் ஆடவில்லை, ஆடினது நான். கண்ணில் பூச்சி பறந்தது ஞாபகம் இருக்கிறது. மறுபடி முழித்துப் பார்த்தால் வேப்பமரத்தடியில் கிடக்கிறேன், சுற்றிலும் வகுப்பே நிற்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். "காலையில என்னம்மா சாப்பிட்ட?" என்று நர்ஸ் அக்கா கேட்டார்கள். "இட்லிங்க அக்கா" என்றேன். பொய். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ, ரெண்டு பொறை. அன்றைக்கு மட்டும் அல்ல, ஒன்றரை வருடமாக அதுதான் என் காலைச் சாப்பாடு.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். முதலாமாண்டு சேர்ந்த புதிதில் அம்மா விடியற்காலை எழுந்து ராகிக் களி கிண்டி, கீரை கடைந்து, டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானம் மூடியைத் திறந்ததும் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "என்னடி இது, சாணி உருண்டை மாதிரி?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுநாளே "எனக்குக் களி வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு வருத்தம் இல்லை, சந்தோஷம்! "நாங்கதான் களி தின்னு கெடந்தோம், எம் புள்ளையாவது வெள்ளச் சோறு திங்கட்டும்" என்றார்கள். ஆயா காலத்தில் எங்கள் வீட்டில் நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். சோறு வெள்ளையாக இருந்தால் வீடு முன்னேறிவிட்டது என்று அர்த்தம். ஆக, மத்தியானத்துக்கு வெள்ளைச் சோறு வந்தது. காலைக் களி போனது, அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை.

மயக்கம் போட்ட பிறகுதான் இந்த வெள்ளையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு தானியத்தில் மூன்று பாகம் உண்டு. மேலே தவிடு, ஒரு ஓரத்தில் முளை, நடுவில் மாவு. மில்லில் தீட்டத் தீட்ட முதலில் போவது தவிடும் முளையும். நார்ச்சத்து, இரும்பு, பி வைட்டமின்கள் பெரும்பாலும் இருப்பது அந்த இரண்டில்தான். மிஞ்சுவது அநேகமாக வெறும் மாவுச்சத்து. மாடு கொழுக்கிறது, நாம் இளைக்கிறோம்.

இதைக் கண்டுபிடித்த கதை சினிமா மாதிரி இருக்கும். 1890 வாக்கில் ஜாவா தீவில் டச்சுக்காரர் ஆட்சி. இன்றைய ஜகார்த்தாவில், அப்போது பட்டேவியா, ஐக்மன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கை கால் மரத்துப்போய், நடக்க முடியாமல், கடைசியில் இதயமே நின்றுவிடுகிற நோய் அது. திடீரென்று அவர் வளர்த்த கோழிகளும் அதே மாதிரி தள்ளாட ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் தானாகவே சரியாகியும் விட்டன. விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. இடையில் சில மாதம் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சின வெள்ளைச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், "ராணுவ அரிசியைக் கோழிக்குப் போட முடியாது" என்று நிறுத்திவிட்டார். தீட்டாத அரிசிக்குத் திரும்பியதும் கோழி பிழைத்தது! அந்தச் சமையல்காரருக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு ஃபோர்டர்மன் என்பவர் ஜாவாவில் நூறு சிறைச்சாலைகளுக்கு மேல் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் சுமார் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட இடங்களில் ஏறக்குறைய 10,000 பேருக்கு ஒருவர்தான். ஐக்மனே முதலில் வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறது என்றுதான் நினைத்தார். அரிசியில் ஏதோ இருப்பது அல்ல, இல்லாமல் போனதுதான் காரணம் என்று 1901-இல் சொன்னவர் கிரைன்ஸ். அந்த இல்லாமல் போன பொருள்தான் தயாமின் என்கிற வைட்டமின் பி1. பெட்ரோல் டேங்க் நிறைய இருந்தாலும் ஸ்பார்க் பிளக் வேலை செய்யாவிட்டால் வண்டி ஓடுமா? சோற்றிலிருந்து வருகிற சர்க்கரை உடம்பில் சக்தியாக மாற வேண்டுமென்றால் தயாமின் வேண்டும்.

நம் ஊரில் அந்த அளவு பெரிபெரி ஏன் வரவில்லை? நம் பாட்டிமார்கள் நெல்லைப் புழுக்கினார்கள். ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் கொஞ்சம் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. யாரும் லேபில் சொல்லிக் கொடுக்காத டெக்னாலஜி. நம்ம ஹாஸ்டல் புழுங்கல் சோற்றைத் திட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். இந்த ஆராய்ச்சிக்கு நம் மண்ணிலும் ஒரு இடம் உண்டு. குன்னூரில் 1918-இல் மெக்கரிசன் என்ற டாக்டர் பெரிபெரியை ஆராயச் சின்னதாக ஒரு அறையில் தொடங்கியதுதான், 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

இப்போது களிக்கு வருவோம். ராகி ரொம்பச் சின்னத் தானியம். தோல் மாவோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அரிசி மாதிரி சுலபமாகத் தீட்ட முடியாது. அதனால் தோலோடு சேர்த்துத்தான் அரைக்கிறோம். அதன் கறுப்புக் கலர்தான் அதன் பாதுகாப்பு! 100 கிராம் ராகியில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். வெள்ளை அரிசியில் பத்தைத் தாண்டாது. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3-க்கும் கீழே. ஏர் ஓட்டப் போன எங்கள் தாத்தா காலையில் ஒரு உருண்டை தின்றுவிட்டு மத்தியானம் வரை பசி என்று சொன்னதில்லை என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

"களி தின்றேன், ரத்தம் ஊறிவிட்டது" என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. என் ரத்தத்தை ஏற்றியது முக்கியமாக மூன்று மாதம் விடாமல் தின்ற இரும்புச்சத்து மாத்திரை. ராகியில் இரும்பு இருக்கிறது, ஆனால் அதிலேயே இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அந்த இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. முளைகட்டினாலோ, கூழாகக் கரைத்து ராத்திரி புளிக்கவைத்தாலோ அந்தப் பிடி தளரும். கூடவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை என்று வைட்டமின் சி போனால் இரும்பு நன்றாகச் சேரும். கருவாட்டுக் குழம்போ ஈரலோ இருந்தால் இன்னும் நல்லது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் எல்லாம் வீண். டீயில் உள்ள டானின் இரும்பைத் தடுத்துவிடும். நான் குடித்தது காலையில் டீ, சாப்பிட்டதும் டீ, சாயங்காலமும் டீ!

ஆயாவும் வெளுத்துப்போய்த்தான் இருந்தார்கள். களி இருந்தது, ஆனால் பல நாள் அதற்குத் தொட்டுக்கொள்ள மிளகாயும் உப்பும்தான். அதனால் "அந்தக் காலத்துச் சாப்பாடே சாப்பாடு" என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். பையன்களே, நீங்களும் சிரிக்க வேண்டாம்!

சிவில் படிக்கிற நமக்கு 1:2:4 தெரியும். வெறும் ஜல்லியைக் கொட்டிவிட்டு கான்கிரீட் போட்டேன் என்று சொன்னால் சார் விடுவாரா? நம் தட்டில் மட்டும் சோறு மலையாகவும், பருப்பு தண்ணீராகவும், காய் ஓரமாகவும் இருக்கிறது. 2024-இல் அந்தத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்ன கணக்கு, சோறு, களி, சப்பாத்தி எல்லாம் சேர்த்து ஒரு நாள் சக்தியில் 45 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது. மீதிக்குப் பயறு, கடலை, கீரை, காய், பால், முட்டை வேண்டும். காசுக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம், எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான். ஆனால் முருங்கைக்கீரை எங்கள் வேலியில் சும்மா கிடக்கிறது. ஒரு பப்ஸ் விலைக்கு இரண்டு கடலை மிட்டாய் வந்துவிடும். பேரவையில் நாங்கள் கேட்டதன் பேரில் கேன்டீனில் புதன்கிழமை மட்டும் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் போடுகிறார்கள். மற்ற நாளுக்கும் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

2023-இல் தர்மபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கொடுக்க ஆரம்பித்தார்கள். பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா, "ரேஷன்லயே குடுக்குறாங்கன்னா இதுல ஏதோ இருக்குது போல புள்ள" என்றார்கள். அப்போது எனக்கு அது காதில் ஏறவில்லை.

போன மாதம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11.2. இன்னும் 12 வரவில்லை. சர்வே கேம்ப் போனபோது அம்மாவிடம் சொல்லி ஆறு உருண்டைக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் கொண்டுபோனேன். முதலாமாண்டில் சிரித்தவளும் அதே பேட்ச்தான். ஒரு உருண்டையை முடித்துவிட்டு இன்னொன்றில் பாதியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான்டி இருக்கு. கலர் மட்டும்தான்..."