கொட்டிய பனியில் ஒரு பலகைச் சவாரி

பனி கொட்டினால் எம்மவர் வீடுகளில் எழும் கேள்விகள் தெரிந்தவைதான். யார் வழிப்பது? உப்பு இருக்கிறதா? பஸ் ஓடுமா? வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேரலாமா? ரொறன்ரோவில் 2025 பெப்ரவரியில் சில நாட்களுக்குள் 50 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியபோதும் இதே கதைதான். 1999 ஜனவரியில் அதைவிட மோசம். அப்போதைய மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார். தெருவில் ஆமிக்காரரைக் கண்டு கதவைச் சாத்தியதையும், பிறகு அவர்கள் பனி வழிக்க வந்தவர்கள் என்று அறிந்ததையும் என்னுடன் வேலை செய்யும் அண்ணர் ஒருவர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் இதே பனிக்காக வருடம் முழுவதும் காத்திருக்கும் சனமும் இந்த நாட்டில் உண்டு. காலையில் நாம் சவளைத் தேடும்போது அவர்கள் பலகையைத் தேடுகிறார்கள். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் வழுக்கி இறங்கும் 'ஸ்னோபோட்' விளையாட்டைத்தான் சொல்கிறேன். மூன்று குளிர்காலமாக நானும் போய் வருகிறேன். புதிதாக வந்த குடும்பங்களுக்கு இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நான் முதல் தடவை போகப்போவதாகச் சொன்னபோது அதே அண்ணர் கேட்டார்: "தம்பி, காலை உடைச்சுக்கொண்டு வந்தால் வாடகை ஆர் கட்டுறது?" நியாயமான கேள்வி. மணித்தியாலக் கூலிக்கு நிற்கும் எமக்கு ஒரு கை முறிந்தால் ஆறு கிழமைச் சம்பளம் போய்விடும். பள்ளிக்கூடத்திலிருந்து பனிச்சறுக்கல் பயணத்துக்குக் கடிதம் வரும்போது பல பெற்றோர் கையெழுத்துப் போடாமல் விடுவதும் இந்தப் பயத்தால்தான். வகுப்பு முழுவதும் பஸ் ஏற, எங்கள் பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்தில் மிஞ்சுகிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதைப் படிக்கலாம்.

ஸ்னோபோட் பழகுபவர்களுக்கு அதிகம் முறிவது மணிக்கட்டு. விழும்போது கையை விரித்து நிலத்தில் ஊன்றுவது மனித சுபாவம். உடம்பின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய எலும்பில் போய் இறங்குகிறது. ஆகவே விரல்களை மடக்கிப் பொத்திக்கொள்ள வேண்டும். முன்னுக்கு விழுந்தால் முழங்கால்களாலும் முன்னங்கைகளாலும் தாங்க வேண்டும். பின்னுக்கு விழுந்தால் குந்துவதுபோலப் பதிந்து, நாடியை நெஞ்சோடு ஒட்டி உருள வேண்டும். அப்போது பின்தலை அடிபடாது. மணிக்கட்டுக் காப்பு மலிவாகக் கிடைக்கும். தலைக்கவசம் இல்லாமல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

பெரும்பனி கொட்டிய பிறகு போவது நல்லது என்பதற்கும் இதுதான் காரணம். ஒன்ராறியோவின் சரிவுகள் பல நாட்களில் கண்ணாடிபோல இறுகிக் கிடக்கும். பகலில் உருகியது இரவில் உறைந்தால் அது பனியல்ல, சீமெந்துத் தரை. புதுப்பனி விழுந்த மறுநாளோ தும்புமெத்தை போட்டதுபோல இருக்கும். பத்துத் தரம் விழுந்தாலும் எழும்பிச் சிரிக்கலாம். ஆனாலும் எல்லாப் பனியும் ஒன்றல்ல. பூச்சியம் பாகைக்குக் கிட்ட விழுவது ஈரமாய்ப் பாரமாய்ப் பலகையோடு ஒட்டும். மறை 5, மறை 10 என்று இருக்கும்போது விழுவது மாப்போல உதிரும். அதில்தான் சுகம். முழங்காலளவு பனிக்குள் மட்டும் புதியவர்கள் இறங்க வேண்டாம். சரிவில்லாத இடத்தில் நின்றுவிட்டால் பலகையைக் கழற்றவும் முடியாது, நடக்கவும் முடியாது. இயந்திரம் ஓடிச் சமப்படுத்திய பாதையே போதும்.

முதல் நாள் பாடம் எளிமையானது. எந்தக் கால் முன்னுக்கு என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சொக்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுத் தரையில் ஓடி வழுக்கிப் பாருங்கள், தானாக முன்னுக்குப் போகும் கால்தான் அது. பிறகு சரிவுக்குக் குறுக்காக நின்று, குதிப்பக்க விளிம்பை அழுத்தி மெல்ல மெல்ல வழுக்க வேண்டும். நிற்கப் பழகாமல் ஓடப் பழகக்கூடாது. உங்களுக்குக் கீழே போகிறவருக்கே முதல் உரிமை, பின்னால் வருபவர்தான் விலக வேண்டும். பாதைகளுக்கு அடையாளம் உண்டு: பச்சை வட்டம் இலகு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். முதல் வருடம் பச்சையை விட்டு அசையாதீர்கள்.

இந்த விளையாட்டு அப்படியொன்றும் பழையதல்ல. 1965இல் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர் தன் பிள்ளைகளுக்காக இரண்டு ஸ்கிகளைச் சேர்த்துக் கட்டியதுதான் தொடக்கம். 1998இல் ஜப்பானின் நகானோ நகரில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது முதல் தங்கத்தை வென்றவர் ஒரு கனேடியர், ரொஸ் ரெபக்லியாட்டி.

பணம்? பெரிய மலைகளில் செலவு அதிகம். ஆனால் ரொறன்ரோ நகரசபையே நடத்தும் சிறிய சரிவுகள் உண்டு. பாத்தர்ஸ்ற் - ஷெப்பேட் சந்தியில் ஏர்ல் பேல்ஸ் பார்க், எட்டோபிக்கோவில் சென்ரினியல் பார்க். ஸ்காபரோவில் இருப்பவர்கள் டொன் மில்ஸில் சப்வே ஏறி, ஷெப்பேட்-யங்கில் இறங்கி, மேற்கே போகும் ஷெப்பேட் பஸ்ஸில் முதலாவது இடத்துக்குப் போகலாம், கார் தேவையில்லை. பலகையும் சப்பாத்தும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், வகுப்பும் உண்டு. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கனேடிய ஸ்கி கவுன்சில் சலுகை அட்டை ஒன்று வழங்கி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விசாரித்துப் பாருங்கள்.

உடுப்புக்குப் புதுக்கடை வேண்டாம், பழைய உடுப்புக் கடையில் பனிக்காற்சட்டை கிடைக்கும். ஜீன்ஸ் மட்டும் போடாதீர்கள். பருத்தி நனைந்தால் காயாது, குளிர் உடம்புக்குள் இறங்கிவிடும். மூக்கு நுனியோ காதோ வெளிறி மரத்துப்போனால் உடனே உள்ளே வந்து சூடேற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது.

இன்னொன்று. வாடகைக் கருமபீடத்தில் ஒரு படிவம் நீட்டுவார்கள். அடிபட்டால் வழக்குப் போடமாட்டேன் என்பதுதான் அதன் சாரம். கையெழுத்துக்குப் பயந்து வந்த சனம் நாங்கள். இது எங்கள் அகதி வழக்கோடு சம்பந்தமில்லாத காகிதம். ஆனால் வாசிக்காமல் போடாதீர்கள். ஆங்கிலம் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள்.

கொஞ்சம் பழகிய பிறகு கொலிங்வூட்டுக்குப் பக்கத்தில் உள்ள புளூ மவுண்டனுக்குப் போகலாம். காரில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 219 மீற்றர் வித்தியாசம். ஜோர்ஜியன் குடாவின் உறையாத நீரின் மேல் குளிர்காற்று வீசி, ஈரத்தை அள்ளிவந்து கரையில் பனியாகக் கொட்டுவதால் அங்கே பனிக்குக் குறைவில்லை. அதே காற்றுத்தான் நெடுஞ்சாலை 400இல் பாதையே தெரியாமல் வெள்ளையாக்குவதும். பனி கொட்டும் நாளில் புறப்படாதீர்கள். மறுநாள் பாதை வழித்த பிறகு, நேரத்தோடு எழும்பி, பிளாஸ்கில் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு போங்கள்.