மூலம் என்று நினைத்து ஏமாறாதீங்க! பெருங்குடல் புற்றுநோயை காட்டிக்கொடுக்கும் ரத்த பரிசோதனை

சங்கரன்கோவில்,

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் விசைத்தறி தொழிலாளர்கள் ஏராளம். தறி ஓடினால்தான் கூலி. அதனால் உடம்புக்கு ஏதாவது வந்தாலும் ஆஸ்பத்திரி பக்கம் போவதை தள்ளிப்போடுவது உண்டு. அதிலும் மலத்தில் ரத்தம் வந்தால் வெளியே சொல்லவே கூச்சம். "சூடுதான், மோர் குடிச்சா சரியாப்போகும்", "மூலமாத்தான் இருக்கும்" என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி போட்டுக்கொண்டு வேலைக்கு கிளம்பி விடுகிறார்கள்.

பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் பெருங்குடல் புற்றுநோய்க்கும் இதே அறிகுறிதான். இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ரத்தத்தில் தெரிவது எப்படி?

இந்த நோயை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் பரிசோதனை இப்போது வந்திருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது?

நம் உடம்பில் உள்ள செல்கள் அளவோடு வளர சில மரபணுக்கள் காவல் இருக்கின்றன. 'மெத்தில்' என்ற சின்ன ரசாயன துணுக்கு அதில் போய் ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு வேலை செய்யாது. தறி சுவிட்சை போட முடியாதபடி டேப் ஒட்டி வைத்த கதைதான். காவல் போய்விட்டால் செல்கள் கண்டபடி வளரும்.

புற்று செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் கலக்கின்றன. ஒட்டிய 'டேப்' அதிலும் அப்படியே இருக்கும். அதைத்தான் இந்த பரிசோதனை தேடிப்பிடிக்கிறது.

'செப்டின்-9' என்ற மரபணுவில் இந்த அடையாளத்தை பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்கா 2016-ம் ஆண்டு அனுமதி கொடுத்தது. 2024-ம் ஆண்டு ஜூலையில் 'ஷீல்டு' என்ற பரிசோதனைக்கும் அனுமதி கிடைத்தது. மெத்தில் அடையாளத்துடன் வேறு சில மாற்றங்களையும் இது சேர்த்து பார்க்கிறது.

100-க்கு 83

ஷீல்டு ஆய்வில் பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களில் 100-க்கு 83 பேரை இது சரியாக காட்டியது. மீதி 17 பேர் தப்பி விட்டார்கள். புற்றாக மாறக்கூடிய பெரிய சதை வளர்ச்சி உள்ளவர்களில் 100-க்கு 13 பேர்தான் சிக்கினார்கள். நோய் இல்லாத 100 பேரில் சுமார் 10 பேருக்கு 'இருக்கிறது' என்று தவறாகவும் வந்தது.

அதனால் ரத்தத்தில் 'இருக்கிறது' என்று வந்தால் பயந்து ஓட வேண்டாம். 'இல்லை' என்று வந்தால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். குடலுக்குள் கேமரா குழாயை விட்டு பார்க்கும் 'கொலனோஸ்கோபி'தான் கடைசி தீர்ப்பு சொல்லும். சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே அதை அகற்றிவிடவும் முடியும். அது புற்றாக மாற பல வருடங்கள் ஆகும் என்பதால், முன்கூட்டியே எடுத்துவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம்.

ஆபரேஷனுக்கு பிறகு

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நோய் திரும்ப வருகிறதா என்று கண்காணிக்க 'சி.இ.ஏ.' என்ற ரத்த பரிசோதனை பல வருடங்களாக செய்யப்படுகிறது. மெத்தில் அடையாளத்தை பார்த்தால் அதைவிட சீக்கிரமாக தெரியுமா என்று ஆஸ்திரேலியா உள்பட பல நாடுகளில் ஆய்வு நடந்திருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

மத்திய அரசின் புற்றுநோய் கண்டறியும் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய 3 புற்றுநோய்கள்தான் உள்ளன. பெருங்குடல் அதில் இல்லை. எனவே வீடு தேடி யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்காமல் நாமேதான் உஷாராக இருக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை இருந்தால் கூச்சப்படாமல் சங்கரன்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லுங்கள். அறிகுறி உள்ளவர்கள் ரத்த பரிசோதனையை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. அது அறிகுறி இல்லாதவர்களுக்காக வந்தது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்த நோய் வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். அந்த அட்டை இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

ஒருநாள் கூலி போனால் நாளைக்கு சம்பாதித்துக் கொள்ளலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இந்த நோயை குணப்படுத்தி விடலாம். முற்றவிட்டால்தான் கஷ்டம்.